நாத்தனார் வாசலுக்கு வந்த ஆற்றுச் சேறு

ஆற்றின் வாயிலிருந்து சேற்றை உறிஞ்சி இழுத்துவரும் இரும்புக் குழாய் கரையில் எந்த இடத்தில் வாய் பிளந்து கக்குகிறதோ, அந்த இடத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் புருஷனின் பழைய தொப்பி, வாயில் யாரையாவது திட்டுவதற்குத் தயாராக ஒரு வார்த்தை. ஊரில் அவளுக்குக் குழாயடி என்று பெயர். குழாய்க்கு அடியில் நிற்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். அவள் சண்டை போட்டுப் பார்த்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். இரண்டும் மெய்தான்.

வேலையே அவளுக்குத் தொண்டையால் கிடைத்தது. அதற்கு முன் மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றின் வாய் மண் மூடிப்போய், படகுகள் வெளியே போகவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் தவித்த காலம். நகராட்சி ஒரு தூர் வாரும் படகைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதில் மோட்டார் ஓட்டியது அவள் புருஷன். அவன் வாய் திறப்பது அத்தி பூத்தாற்போல. அவனுக்கும் சேர்த்து மோட்டாரே சத்தம் போட்டதால் அவனுக்கும் மோட்டார் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. படகில் இருக்கிறவனும் கரையில் இருக்கிறவனும் பேசிக்கொள்ள ஆளுக்கொரு கை ரேடியோ கொடுத்திருந்தார்கள். உப்புக்காற்று பட்டு அது சளி பிடித்த பூனை மாதிரி கரகரத்துச் செத்துப்போனது. ஒருநாள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், குழாயில் கல் சிக்கிக் குழாய் குதிப்பதைப் பார்த்தாள்.

"யோவ்! நிறுத்துய்யா!"

தூர் வாரும் படகு நின்றது. ஆற்றில் போய்க்கொண்டிருந்த மற்ற படகுகளும் நின்றன. மறுநாளே அவளுக்கு வேலை.

"இத்தனை வருஷம் வீட்டுக்குள்ள கத்தினே. இப்பதான் அதுக்குச் சம்பளம் வருது" என்றான் மோட்டார். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவன், அதில் ஒன்றை இதற்குச் செலவழித்தான்.

குழாய் கக்குவது கஞ்சி மாதிரி இருக்கும். கரையில் நீளமாக ஒரு குழி வெட்டி, அந்தக் கஞ்சியை அதில் விட்டார்கள். கனத்த மணல் நடக்கச் சோம்பல்பட்டுக் குழாய் வாயிலேயே உட்கார்ந்துவிடும். லேசான சேறு மட்டும் ஊர்ந்து ஊர்ந்து குழியின் கடைசி மூலைக்குப் போய், தண்ணீர் வடிந்ததும் கறுப்புப் பட்டுத்துணி விரித்ததுபோல் படுத்துக்கொள்ளும். குழாயடியின் காலடியில் சேர்வதெல்லாம் சொரசொர மணல். அவள் கண் போவதெல்லாம் அந்தப் பட்டு மூலைக்கு. புடவைக் கடை வாசலில் நின்று உள்ளே பார்க்கிறவள் மாதிரி பார்ப்பாள்.

அள்ளியாயிற்று, சரி. அள்ளின மண்ணை என்ன செய்வது? முதலில் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வரும் மகள் மாதிரி அது அடுத்தடுத்த அலையில் ஆற்றுக்கே திரும்பி வந்தது. கரையில் குவித்தால் நாற்றம் தாங்கவில்லை என்று ஊர் மூக்கைப் பிடித்தது. கடைசியில் நகராட்சி ஓர் இன்ஜினியர் பெண்ணை அனுப்பி, இந்த மண்ணுக்கு ஏதாவது உபயோகம் கண்டுபிடி என்றது.

நல்ல பெண். வெயிலில் கறுத்துப்போக அஞ்சாதவள். பாட்டில் பாட்டிலாக மண்ணை எடுத்துப்போய்ச் சோதித்தாள். படகு பழுதுபார்க்கும் துறைப் பக்கத்து மண்ணில் எண்ணெயும் பெயிண்டும் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தனியாகக் குவித்துச் சிவப்புக் கொடி நட்டு, "அக்கா, இதை யாரும் தொடக் கூடாது. ஆட்டுக்குட்டி கூட இதுமேல ஏறக் கூடாது" என்று குழாயடியிடம் ஒப்படைத்தாள். மிச்ச மண்ணில் செங்கல் அறுத்துச் சுட்டாள். அழகாகத்தான் வந்தது. கொஞ்ச நாளில் உள்ளே இருந்த உப்பு வெளியே பூத்து, கல்லெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"என்னம்மா, பொறந்ததுமே நரைச்சுப் போச்சு உன் செங்கல்லு?" என்றாள் குழாயடி.

"எனக்கும்தான்க்கா நரைக்குது" என்று அந்தப் பெண் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கத் தெரிந்தவள் என்பதால் குழாயடிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இது வேலைக் கதை. குழாயடியை ஆட்டிவைத்த கதை வீட்டில் இருந்தது.

அவள் வீடும் அவள் நாத்தனார் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். நாத்தனார் மோட்டாரின் அக்கா. புருஷனை இழந்தபின் தையலில் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். முன்னறையில் மிஷின், அதன்மேல் கத்தரி, கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப். ஊரில் தையல்காரி என்றால் அவள்தான். சுவருக்கு இந்தப் பக்கம் குழாயடி கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் சண்டை ஆரம்பம் என்று அர்த்தம். அந்தப் பக்கம் கத்தரியால் தட்டினால் டீ வேண்டும் என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. ஒருநாள் சண்டை இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

தெரு ஆற்றுப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. தையல்காரியின் வீடு ஒரு படி தாழ்வு. அமாவாசை, பௌர்ணமி வந்தால் கடல் ஏறும். ஏறின தண்ணீர் சாக்கடை வழியாக எதிர்த்து வந்து அவள் முன்னறையில் நிற்கும். கல் அடுக்கி மிஷினை மேலே ஏற்றி, கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து மிதிப்பாள். மேட்டுத் தெருவில் வீடு கட்டியிருந்த பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா ஏற்றத்தையும் தூக்கிச் சாப்பிடும் பெரிய ஏற்றம் ஒன்று உண்டு. அன்றைக்கு வண்டியோடு வந்து அம்மாவைக் கூட்டிப் போகப்போவதாகச் சொல்லிவிட்டான்.

"சரின்னுட்டேன்" என்றாள் தையல்காரி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா வண்டியில ஏறிடுவேன். எனக்கும் வயசாகலையா? நான் என்ன தவளையா?"

"போங்க அண்ணி, தாராளமா போங்க. பொழுதன்னைக்கும் அந்த மிஷின் சத்தம். நானும் நிம்மதியா தூங்குவேன்."

"உன் குறட்டைக்கு என் மிஷின் எவ்வளவோ தேவலை."

வாயில் அப்படிச் சொன்னாளே தவிர, குழாயடிக்கு அன்று சாயங்காலம் டீ ஆறி ஆடை படிந்தது. மோட்டார் அதைப் பார்த்தான்.

"அக்கா போயிட்டா யார்கூட சண்டை போடுவ?"

"உன்கூட."

மறுநாள் காலையில் பல் துலக்கின கையோடு மோட்டார் தானாகவே இன்ஜினியர் பெண்ணிடம் போய், அக்கா வீட்டுத் தரையை உயர்த்த மண் கேட்டான். அவன் பயம் அவனுக்கு.

மண்ணை எடுத்துப்போகச் சொல்லி ஊரைக் கெஞ்சிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒருவர் தானாக வந்து கேட்டதும் வாயெல்லாம் பல். "எவ்வளவு வேணுமோ அள்ளிக்குங்க" என்றவள், பக்கத்தில் நின்ற குழாயடியிடம் திரும்பினாள். "ஆனா அந்தக் கடைசி மூலைச் சேறு இன்னும் காயலைக்கா. பார்த்து."

"எனக்கே சொல்றியா? இந்த மண்ணோட குடும்பம் நடத்தறவம்மா நான்" என்றாள் குழாயடி.

அங்கேதான் கோட்டை விட்டாள். அவள் குடும்பம் நடத்தியது குழாய் வாயில் விழும் மணலோடு. கடைசி மூலையைத் தூரத்திலிருந்து ஆசைப்பட்டதோடு சரி. போய் ஓரத்தில் கால் வைத்து அழுத்தினாள். மேலே காய்ந்து ஏடு கட்டியிருந்தது, தாங்கியது. கையால் தடவினாள். வழவழவென்று வெண்ணெய் மாதிரி இருந்தது. இதுதான் அண்ணி வீட்டுக்கு என்று முடிவு கட்டினாள்.

தெருவே கூடைகளோடு வந்தது. தையல்காரியின் முன்னறையும் வாசலும் முழங்கால் உயரத்துக்கு உயர்ந்தன. குழாயடி மண்டிபோட்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி தரையைத் தடவித் தடவி மெழுகினாள். ஒரு பகல் வெயிலில் மேல்தோல் காய்ந்து முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது. "பரவாயில்லையே" என்று தையல்காரி வாயிலிருந்தே வந்துவிட்டது. அந்த வாயிலிருந்து அது வருவதற்குக் குழாயடி எத்தனையோ வருஷம் காத்திருந்தாள்.

மறுநாள் பேக்கரிக்காரர் தன் கால்சட்டை தைத்து முடியட்டும் என்று வாசலில் நின்றார். குண்டு மனிதர். தையல்காரி மிஷினை மிதித்தாள். கடகடவென்று ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷின் மெல்ல ஒரு பக்கம் தலை சாய்த்தது. அவள் நிமிர்த்திவிட்டு மறுபடி மிதித்தாள். ஜன்னல் கட்டை கொஞ்சம் மேலே போனது மாதிரி இருந்தது.

"ஏண்டி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "நான் குள்ளமாகறேனா, இல்ல வீடு வளருதா?"

குழாயடி ஓடிவருவதற்குள் மிஷினின் கால் பாதி காணோம், ஸ்டூலின் கால் முழுதும் காணோம். ஏடு உடைந்துவிட்டது. அடியில் இருந்தது பச்சைக் கஞ்சி. காப்பாற்ற உள்ளே பாய்ந்த பேக்கரிக்காரர் முழங்கால் வரை இறங்கி, "அம்மா, என்னை முதல்ல எடுங்க!" என்று அலறினார். கயிறு போட்டு அவரை இழுத்தார்கள், பிறகு மிஷினை. தையல்காரியைத் தூக்கியபோது அவள் கையில் கால்சட்டை பத்திரமாக இருந்தது. இரண்டு காலும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. பேக்கரிக்காரர் அதைப் பிரித்துப் பார்த்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "எனக்கு ரெண்டு காலும்மா" என்றார்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை.

"மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கினவங்களைப் பத்திக் கேட்டிருக்கேன்" என்றாள். "மண்ணை நம்பி சொந்த வீட்டுக்குள்ளயே இறங்கினவ நான் ஒருத்திதான்."

அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அதுதான் பொல்லாதது. திட்டினால் ஒட்டுறவு இருக்கிறது என்று அர்த்தம். தெருக்காரர்கள் சேற்றை வாரி வெளியே கொட்டி முடித்தபிறகும் சுவரின் அந்தப் பக்கம் சத்தமில்லை. குழாயடி கரண்டியால் தட்டினாள். பதில் இல்லை. சண்டைக்கு இழுக்க, "உங்க கைக்கு ஒரு பொத்தான் கூட நேரா வராது!" என்று பழி சொன்னாள். நூல் கண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது. பெரிய ஏற்றத்துக்கு முன்னாலேயே மூட்டை கட்டுகிறாள். குழாயடிக்கு அந்த டக் டக் நெஞ்சுக்குள் விழுந்தது. வேலைக்குப் போன இடத்திலும் யாரையும் திட்டவில்லை. படகிலிருந்து மோட்டார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லையோ என்று.

மூலையில் மிச்சம் இருந்த சேற்றைத் தோண்டியபோது, அன்று கயிறு இழுத்த அவசரத்தில் குழாயடியின் காலிலிருந்து கழன்ற பூட்ஸ் ஒன்று அகப்பட்டது. அதைத் திருப்பி எறிந்துவிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க, தையல்காரி குழிக்கரைக்கே வந்துவிட்டாள். வந்த நேரத்தில் இன்ஜினியர் பெண் அங்கே ஒரு வித்தை செய்துகொண்டிருந்தாள். கெட்டித் துணியில் ஆள் உயரத்துக்கு ஒரு தலையணை உறை. அதன் வாயில் குழாயைச் செருகிச் சேற்றை உள்ளே விட்டாள்.

"தண்ணி துணி வழியா கசிஞ்சு வெளிய போயிடும், மண்ணு மட்டும் உள்ள நின்னு இறுகிடும். வெளியூர்ல இதை வெச்சு கரையே கட்டறாங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, உறையின் பக்கத்துத் தையல் பட்டென்று விட்டு, மூன்று பேர் முகத்திலும் சேறு அடித்தது.

தையல்காரி கண்ணைத் துடைத்தாள். கொண்டுவந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

"எவ தைச்சா இதை?"

"நான்தாங்க" என்றாள் இன்ஜினியர் பெண், மூக்கில் சேறு வழிய. "வலை பின்ற நூல்ல."

"இது தையலா? கோழி கிளறி வெச்ச மாதிரி இருக்கு. கணக்கு நல்லா போடுவ போல, ஊசி மட்டும் உனக்கு ஒத்து வரலை. கொடு இப்படி."

கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தாள். விளிம்பை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, இரண்டு ஓட்டுத் தைத்தாள். சேற்றை நிரப்பினார்கள். தலையணை வயிறு உப்பியது, தையல் அசையவில்லை. வேலை முடிந்து வந்தவனுக்கு வியர்ப்பதுபோல் துணி முழுக்கத் தெளிந்த தண்ணீர் துளிர்த்து வழிந்தது. பெட்டியில் நூல் அடுக்குவதை மறந்துவிட்டு, தினமும் வந்து அதை அமுக்கிப் பார்த்தாள். ஒருநாள் மேலே ஏறி உட்கார்ந்தாள். தாழவில்லை. கால்மேல் கால் போட்டுப் பார்த்தாள். அப்போதும் தாழவில்லை.

உட்கார்ந்தபடியே குழாயடியைப் பார்த்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஏண்டி, உன் காலடியிலதான் மணல் குவிஞ்சு கிடக்கு. யானை ஏறினாலும் தாங்கும். அதை விட்டுட்டு அந்தக் கடைசி மூலைக்கு எதுக்குடி போன?"

குழாயடி தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டாள். "அது சொரசொரன்னு இருக்கு அண்ணி. அதைப் போய் உங்க வீட்டுல கொட்டுவேனா? இது பட்டு மாதிரி இருந்துச்சு. உங்களுக்குன்னு..."

தையல்காரி அளவு டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"லூசு" என்றாள் கடைசியில். "பட்டுத் துணி மட்டும் வெச்சுத் தைச்சா காலர் நிக்குமாடி? உள்ள கெட்டித் துணி வெக்கணும்."

இன்ஜினியர் பெண் துள்ளினாள். "அதேதாங்க! அடியில மணல். மணல் சரியாம சுத்தி இந்தத் தலையணை. சாக்கடை வாயில நான் ஒரு தகரக் கதவு போட்டுத் தரேன். தண்ணி வெளிய போகும், எதிர்த்து உள்ள வராது. இது மூணும் சேர்ந்தா உங்க வீடு மட்டுமில்ல, தெருவே தப்பிக்கும்."

அடுத்த நாள் சுவரில் கத்தரி தட்டியது. டீ கேட்டது. குழாயடி ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனாள். அடுக்கிய பெட்டிகள் பிரிந்து கிடந்தன.

அதன்பிறகு தையல்காரி தூங்கின நேரம் கொஞ்சம். நகராட்சிக் கொட்டகையில் இருந்த கெட்டித் துணியெல்லாம் அவள் மிஷினுக்கு வந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்து மடிக்கச் சொன்னாள். மடிப்பு கோணினால் மண்டையில் டேப்பால் ஒரு தட்டு. பேக்கரிக்காரர், எந்தக் கஷ்டத்திலும் ஒட்டிக்கொள்ளும் மனிதர், சூடாக ரொட்டி கொண்டுவந்தார். குழாயடியும் ஒரு தலையணை தைத்தே தீருவேன் என்று அடம் பிடித்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தைத்து முடித்தாள். மணல் வண்டி வண்டியாக வந்தது. கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்து, மறுபடி கொட்டி இடித்தார்கள். இந்தத் தடவை குழாயடி தரையை மெழுகவில்லை. பூட்ஸோடு ஏறிக் குதித்துப் பார்த்தாள். மோட்டாரையும் குதிக்கச் சொன்னாள். பேக்கரிக்காரரைக் கடைசியாகக் குதிக்கவிட்டாள். அவர் குதித்தும் தரை தாங்கியபோது தெரு கைதட்டியது.

பெரிய ஏற்றம் பட்டப்பகலில் வந்தது. பிள்ளை சொன்னபடி வண்டியோடு வந்தான். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வரப்போகும் தண்ணீருக்குக் கால்சட்டையை இப்போதே சுருட்டிக்கொண்டு நடந்துவந்தான். "அம்மா, மூட்டை எங்கே?"

"இருடா. தண்ணி வரட்டும்" என்றாள் தையல்காரி, மிஷினை விட்டு எழுந்திருக்காமல்.

தெருவே வாசலில் நின்றது. ஆறு கரை தளும்பி, பழுப்பாக, அவசரமே இல்லாமல், விருந்துக்கு வருகிற சம்பந்தி மாதிரி உரிமையோடு வந்தது. சாக்கடைக் கதவு டங்கென்று தானாகச் சாத்திக்கொண்டது. தலையணைகளின் பாதம் நனைந்தது, பிறகு வயிறு, பிறகு கழுத்து. கழுத்தில் நின்றுவிடும்போல் தெரிந்தபோது, வாசலுக்கு நேராக இருந்த ஒரு தலையணையின் ஓரத்தில் குபுகுபுவென்று மண் கரைந்து, விரல் பருமனுக்குத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

தையல்காரி எட்டிப் பார்த்தாள். "அது என் தையல் இல்லை" என்றாள் உடனே.

யார் தையல் என்று யாரும் கேட்கவில்லை. குழாயடி அதற்குள் பாய்ந்துவிட்டாள். விட்டுப்போன மடிப்பை இழுத்து உள்ளே திணித்து, அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். தண்ணீர் நின்றது.

"யாரும் என்னை எழுப்பாதீங்க!" என்று கத்தினாள். அக்கரையிலும் கேட்டிருக்கும்.

"இந்த ஊரிலேயே நல்லா நிரப்பின மூட்டை அதுதான்" என்றாள் தையல்காரி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். டேப் கழுத்திலிருந்து நழுவி விழும் வரை சிரித்தாள். பிள்ளை சிரித்தான், இன்ஜினியர் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்டாடினாள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளும், நகராமல், குலுங்காமல் இருக்கப் பார்த்து முடியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். கடல் இறங்கும் வரை அங்கேயே உட்கார்ந்து ரொட்டி தின்றாள், டீ குடித்தாள், போகிற வருகிறவர்களையெல்லாம் திட்டினாள். முன்னறையில் ஒரு சொட்டு ஏறவில்லை.

"அப்போ வண்டி?" என்றான் பிள்ளை.

"சும்மா போகாத" என்றாள் தையல்காரி. "குழியில பழைய மண்ணு ரெண்டு மழை பார்த்தது இருக்கு, உப்பு கழுவிப் போயிடுச்சு. ஏத்திட்டுப் போய் உன் பொண்டாட்டி கிட்ட கொடு, பூச்செடி வெக்கட்டும். சிவப்புக் கொடி நட்ட பக்கம் மட்டும் போயிடாத."

அடுத்த வாரமே பக்கத்துத் தாழ்ந்த தெருக்காரர்கள் தலையணை கேட்டு வந்து நின்றார்கள். இன்ஜினியர் பெண் குழிக்கரையில் தையல்காரிக்கு ஒரு கொட்டகையும் பெரிய மிஷின் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். அவளோ வீட்டு மிஷினையும் விடவில்லை. பகல் வேலை போதாதென்று சாயங்காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஓடுகிறது.

குழாயடி கரண்டியால் சுவரைத் தட்டுகிறாள்.

"அண்ணி! மனுஷி கண்ணை மூடறதா வேண்டாமா?"

"மூடுடி. உன் தலையணையைத்தான் பிரிச்சுத் தைச்சுட்டிருக்கேன்!"